ஒப்பேற்றுகிற இடத்தில் தொடங்குங்கள்: அன்றாட வேலையில் புதிதாக யோசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் அச்சகத்தில் ஓர் ஆவணி மாதம் 600 கல்யாணப் பத்திரிகைகள் தப்பாகப் போயின. தேதி சரி, முகூர்த்த நேரம் சரி, மண்டபம் சரி. கிழமை மட்டும் வியாழனுக்குப் பதில் வெள்ளி. பெண்ணின் அப்பா முதல் பத்திரிகையைக் குலதெய்வம் கோயிலில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, அடுத்ததைத் தாய்மாமன் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். அந்த வீட்டுப் பாட்டி பத்திரிகையை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காலண்டரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வியாழனா வெள்ளியாப்பா? என்னைக்கு வரணும்?" என்று கேட்டாராம்.

மறுநாள் நான் ஷட்டரைத் தூக்குமுன்பே பெண்ணின் அப்பா வாசலில் நின்றார். எங்கள் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தோம். பிறகு டிசைனர் பெண்ணைக் கூப்பிட்டு, "இனிமே கவனமா இரும்மா" என்றேன். சொல்லும்போதே உறைத்தது, அந்த வருஷத்தில் இதைச் சொல்வது மூன்றாவது தடவை.

ஒரே இடத்தில் மூன்று தடவை "கவனமா இரு" என்று சொல்லவேண்டி வந்தால், அங்கே வேலை நடக்கிற விதத்தில்தான் ஏதோ கோளாறு. அதைத் தேடப் போனதில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். புதுமை என்றவுடன் ராக்கெட்டும் ஸ்டார்ட்அப்பும்தான் நமக்கு நினைவுக்கு வரும். நான் சொல்லப்போவது மளிகைக்கடையில், தாலுகா ஆபீசில், ஆஸ்பத்திரி வார்டில், அடுப்படியில் இருப்பவர்களுக்கு.

படி 1: ஒப்பேற்றுகிற இடங்களை ஒரு வாரம் குறித்து வையுங்கள்

நம்மிடம் அருமையான ஒரு சொல் இருக்கிறது: ஒப்பேற்றுவது. சரியாக நடக்காத ஒன்றை எப்படியோ சமாளித்து ஓட்டிவிடுவது. ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் மடித்த அட்டை. ரேஷன் கடை வரிசையில் ஆளுக்குப் பதிலாக நிற்கிற கல்லும் பையும் செருப்பும். சிலிண்டர் மாற்றிய தேதியைக் காலண்டர் ஓரத்தில் பென்சிலால் எழுதுவது. அடுத்த ஊசி எத்தனை மணிக்கு என்று உள்ளங்கையில் எழுதிக்கொள்கிற நர்ஸ். கம்ப்யூட்டரில் ஏற்றிய கணக்கையே நம்பிக்கையில்லாமல் நோட்டிலும் எழுதுகிற குமாஸ்தா.

இவை ஒவ்வொன்றும் ஒரு துப்பு. கல்லும் செருப்பும் வரிசையில் நிற்கிற இடத்தில், "எனக்கு இடம் வேண்டும், ஆனால் வெயிலில் நிற்க முடியாது" என்று யாரோ சொல்கிறார்கள். டோக்கன் முறை வருவதற்கு முன்பே மக்கள் தாங்களாகவே ஒரு டோக்கன் முறையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்குத்தான் யாரும் பெயர் வைக்கவில்லை.

எனவே முதல் வேலை, யோசிப்பதே கிடையாது. சட்டைப் பையில் அடங்குகிற ஒரு நோட்டு வாங்குங்கள். ஒரு வாரத்துக்கு, நீங்களோ பக்கத்தில் இருப்பவரோ ஒப்பேற்றுகிற ஒவ்வொரு தடவையும் ஒரு வரி எழுதுங்கள். நேரம், இடம், என்ன நடந்தது. அவ்வளவுதான். அந்த வாரம் எதையும் சரிசெய்யக் கூடாது. இது கஷ்டம்; கை அரிக்கும். ஆனால் சரிசெய்யத் தொடங்கினால் பார்ப்பது நின்றுவிடும்.

காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். "அது அப்படித்தான்", "அதை மட்டும் பாத்துக்க", "அவரு இருந்தாத்தான் அது ஓடும்" என்கிற மூன்றும் எங்கே கேட்டாலும் எழுதுங்கள். புதிதாகச் சேர்ந்த பையன் முதல் வாரத்தில் கேட்கிற கேள்விகளையும் விடாதீர்கள். "இதை ஏன்ணே ரெண்டு தடவை எண்ணுறோம்?" என்பான். இரண்டாவது வாரம் அவனுக்கும் பழகிவிடும், கேட்க மாட்டான்.

என் நோட்டில் முதல் வாரம் 31 வரி சேர்ந்தது. அதில் பாதி ஸ்கேலைத் தேடுவது பற்றி.

படி 2: ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒரே வரியில் எழுதுங்கள்

இங்கே அதிகம் மினக்கெட வேண்டாம். வாரத்துக்கு ஒரு தடவையாவது நடப்பது, யாருக்காவது உண்மையிலேயே வலிப்பது, உங்கள் கைக்கு எட்டுவது. இந்த மூன்றும் சேர்ந்த ஒன்றை எடுங்கள். உலகத்தைத் திருத்துவதை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

எழுதும் வரியில் ஆள் பெயர் வரக் கூடாது, தீர்வும் வரக் கூடாது. "டிசைனருக்குப் பொறுப்பு போதாது" என்று எழுதினால் அது புகார். "நல்ல சாஃப்ட்வேர் வாங்க வேண்டும்" என்று எழுதினால் அது ஷாப்பிங் லிஸ்ட். நான் கடைசியில் எழுதியது இது: "வாடிக்கையாளர் ப்ரூஃப் பார்த்து ஓகே சொன்ன பிறகும் பத்திரிகையில் தப்பு மிஞ்சுகிறது." (ப்ரூஃப் என்பது அச்சடிக்குமுன் சரிபார்க்கக் கொடுக்கிற மாதிரித் தாள்.)

படி 3: நின்று பாருங்கள்

பெரும்பாலோர் தாண்டிக் குதிக்கிற படி இதுதான். எனக்கு இதுதான் பிடித்த படியும்.

1885-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஃபிராங்க் கில்பிரெத் என்ற 17 வயதுப் பையன் கொத்தனார் வேலை பழகச் சேர்ந்தான். அவன் கவனித்தது விசித்திரமான ஒரு விஷயம். ஒவ்வொரு கொத்தனாரும் ஒவ்வொரு விதமாகச் செங்கல் வைத்தார். அதைவிட விசித்திரம், ஒரே கொத்தனார் வேலை சொல்லிக்கொடுக்கும்போது ஒரு விதமாகவும், அவசரத்தில் இன்னொரு விதமாகவும், மெதுவாகச் செய்யும்போது வேறு விதமாகவும் வைத்தார். சொல்லிக்கொடுப்பது ஒன்று, செய்வது ஒன்று. அவருக்கே அது தெரியாது.

கில்பிரெத் ஒவ்வொரு அசைவையும் எண்ணினார். ஒரு கல்லை வைக்க 18 அசைவு. அதில் பெரும்பாலானவை, கீழே கிடக்கிற கல்லைக் குனிந்து எடுத்து, புரட்டி, நல்ல முகம் எது என்று பார்ப்பதிலேயே போயின. ஒரு கல்லுக்காக முழு உடம்பையும் ஒரு தடவை கீழே இறக்கி மேலே ஏற்றுகிறோம்! கல்லையும் கலவையையும் இடுப்பு உயரத்தில் வைக்கிற மாதிரி, சுவரோடு சேர்ந்து உயர்கிற சாரம் ஒன்று செய்தார். நல்ல முகம் மேலே பார்க்கும்படி சித்தாளை முன்கூட்டியே அடுக்கித் தரச் சொன்னார். 18 அசைவு 5 ஆனது. மணிக்கு 120 கல் வைத்தவர்கள் 350 கல் வைத்தார்கள். யாரும் வேகமாகக் கையை வீசவில்லை. குனிவது நின்றது, அவ்வளவுதான்.

ஜப்பானில் டொயோட்டா கார் தொழிற்சாலையை மாற்றிய தாய்ச்சி ஓனோ என்பவர், தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, மேலாளரை அதற்குள் மணிக்கணக்கில் நிறுத்திவைப்பாராம். பேசாமல் நின்று பார்க்க வேண்டும். பார்த்ததைக் கேட்பார். பதில் திருப்தியாக இல்லையென்றால் மறுபடி வட்டம்.

நானும் அரை நாள் ஒரு ஸ்டூலைப் போட்டு டிசைனருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். முதலில் அந்தப் பெண்ணுக்குச் சங்கடம். "என்னண்ணே, வேவு பாக்குறீங்களா?" என்றாள். "நான் கம்ப்யூட்டரைத்தாம்மா பாக்குறேன்" என்றேன். ஒரு மணி நேரத்தில் என்னை மறந்துவிட்டாள். அப்போதுதான் நிஜம் தெரிந்தது.

புதிய ஆர்டர் வந்ததும் அவள் வெற்றுப் பக்கத்தைத் திறக்கவில்லை. போன மாதம் அடித்த ஒரு பத்திரிகையின் கோரல்டிரா (டிசைன் சாஃப்ட்வேர்) ஃபைலைத் திறந்து, அதன் மேலேயே புதுப் பெயர்களை அடித்தாள். மணமகன் பெயர் மாறியது, மணமகள் பெயர் மாறியது. ஒரு கல்யாணப் பத்திரிகையில் தமிழ் வருஷம், மாதம், தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், யோகம், லக்னம், நேரம் என்று வரிசையாகப் போகும். பழைய கிழமையும் ஒரு கிழமைதானே. பார்க்கிற கண்ணுக்கு அது தப்பாகவே தெரியாது. சுத்தமாக, அழகாக, கறுப்பு எழுத்தில் உட்கார்ந்திருக்கும்.

சாயங்காலம் ஒரு குடும்பம் ப்ரூஃப் பார்க்க வந்தது. ஒரே ஒரு தாள், அதைச் சுற்றி ஐந்து தலைகள். அவரவர் தங்கள் பெயரைத் தேடினார்கள். பெரியப்பா பெயருக்கு முன்னால் இனிஷியல் சரியா, சித்தியின் கணவர் பெயருக்குக் கீழே அவர் பார்க்கிற உத்தியோகம் வந்திருக்கிறதா, "தங்கள் நல்வரவை விரும்பும்" பட்டியலில் யார் மேலே, யார் கீழே. இருபது நிமிஷம் இதற்கே போயிற்று. மண்டபத்தின் பெயரையோ கிழமையையோ ஒருவர்கூடப் படிக்கவில்லை. "எல்லாம் சரியா இருக்கு, அடிச்சிருங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

இதை நான் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்குத்தான் கவனித்தேன்.

படி 4: "ஏன்" என்று ஐந்து தடவை கேளுங்கள்

ஓனோ சொல்கிற உதாரணத்தை நம் ஊர் பட்டறையிலும் சொல்லலாம். இயந்திரம் நின்றுவிட்டது. ஏன்? லோடு அதிகமாகி ஃபியூஸ் போனது. ஏன்? பேரிங்கில் எண்ணெய் போதவில்லை. ஏன்? எண்ணெய் பம்பு சரியாக இழுக்கவில்லை. ஏன்? பம்பின் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன்? வடிகட்டி இல்லாததால் இரும்புத் தூள் உள்ளே போயிருக்கிறது. முதல் பதிலோடு நிறுத்தியிருந்தால் ஃபியூஸ் மட்டும் மாறியிருக்கும். ஐந்தாவது பதிலில் ஒரு வடிகட்டி கிடைத்தது.

என் கணக்கு இப்படி வந்தது. கிழமை ஏன் தப்பாக வந்தது? பழைய ஃபைலில் இருந்த கிழமை மாறவில்லை. ஏன் பழைய ஃபைல்? புதிதாகப் போட்டால் அரை மணி நேரம் கூடுதலாகும். ஏன் அரை மணி நேரம்? வெறும் வடிவம் மட்டும் உள்ள ஃபைல் எங்களிடம் கிடையாது. ஏன் கிடையாது? செய்யச் சொல்லி யாரும் நேரம் கொடுக்கவில்லை. நேரம் கொடுக்க வேண்டியது யார்? நான்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "ஏன்" என்று கேட்டுக்கொண்டே போனால் நம் ஆட்கள் மூன்றாவது கேள்வியிலேயே "யார்" என்பதற்குத் தாவிவிடுவார்கள். "ஏன் எண்ணெய் போடல? அவன் லீவு." அங்கே விசாரணை முடிந்துவிடும், புதுமையும் முடிந்துவிடும். பதிலில் ஆள் பெயர் வந்தால், "அவன் இடத்தில் நான் இருந்தாலும் இப்படி நடந்திருக்குமா?" என்று கேட்டுவிட்டுத் தொடருங்கள். "யார்" என்று கேட்பதாக இருந்தால், கேட்கிறவர் தன் பெயரைச் சொல்லத் தயாராக இருக்கும்போது மட்டும் கேட்கலாம்.

படி 5: அடுத்தவர் தொழிலில் விடை தேடுங்கள்

உங்கள் சிக்கலை உங்கள் தொழிலில் இருப்பவர்களிடம் கேட்டால், அவர்களும் ஒப்பேற்றிக்கொண்டுதான் இருப்பார்கள். இன்னொரு அச்சகக்காரரிடம் கேட்டேன். "கஸ்டமர்கிட்ட கையெழுத்து வாங்கிரு, தப்பு வந்தா அவன் தலையில" என்றார். விடை பெரும்பாலும் வேறு தெருவில் இருக்கும்.

மதுரையில் 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரையால் பார்வை போனவர்கள் லட்சக்கணக்கில், டாக்டர்களோ கொஞ்சம். அவருக்கு வியப்பூட்டியது மெக்டொனால்ட்ஸ் உணவகம். எங்கே போனாலும் ஒரே மாதிரி, ஒரே தரத்தில், ஏராளமான பேருக்குக் கொடுக்க முடிகிறதே, கண் ஆபரேஷனை ஏன் அப்படிச் செய்ய முடியாது என்று கேட்டார். அரவிந்தின் ஆபரேஷன் தியேட்டரில் டாக்டருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே மற்றதில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். ஒன்று முடிந்ததும் டாக்டர் அப்படியே அடுத்த பக்கம் திரும்புவார். பரிசோதனை, தயாரிப்பு, கட்டுப்போடுவது எல்லாம் பயிற்சி பெற்ற பெண்கள் கையில். அவர்களில் பலர் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். டாக்டர் செய்தே ஆகவேண்டியதை மட்டும் டாக்டர் செய்கிறார். கில்பிரெத்தின் சாரத்தையும் சித்தாளையும் நினைத்துப் பாருங்கள், சரக்கு ஒன்றுதான்.

ஓனோவும் இப்படித்தான். அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டில், தட்டிலிருந்து சாமான் எடுக்க எடுக்க, எடுத்த அளவுக்கு மட்டும் நிரப்புவார்கள். அதைத்தான் 1950-களில் கார் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தார்.

எனக்கு விடை கிடைத்தது ஒரு ஸ்பிரிங் தட்டில். 1961-இல் ஷிகேயோ ஷிங்கோ என்ற ஜப்பானியப் பொறியாளர் ஒரு சுவிட்ச் தொழிற்சாலைக்குப் போனார். சின்ன சுவிட்ச், அதில் இரண்டு பட்டன், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு ஸ்பிரிங். வேலை செய்பவர்கள் அவ்வப்போது ஒரு ஸ்பிரிங்கை மறந்துவிடுவார்கள். அங்கேயும் அதே "கவனமா இரு" பாட்டுதான். ஷிங்கோ செய்தது இவ்வளவே: பெட்டியிலிருந்து நேரே எடுத்துப் பொருத்தாமல், முதலில் இரண்டு ஸ்பிரிங்கை எடுத்து ஒரு சின்னத் தட்டில் வை, பிறகு தட்டிலிருந்து எடுத்துப் பொருத்து. வேலை முடிந்ததும் தட்டில் ஏதாவது மிஞ்சியிருந்தால் மறந்துவிட்டாய் என்று அர்த்தம். மறப்பதை அவர் தடுக்கவில்லை. மறந்ததைக் கண்ணுக்குத் தெரிய வைத்தார்.

இதைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. எங்கள் பத்திரிகையில் மறந்துபோனது கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதுதானே முழுச் சிக்கலும்! பழைய கிழமை கறுப்பாக, அழகாக உட்கார்ந்திருக்கிறது. அது அசிங்கமாகத் தெரிந்தால்?

படி 6: மட்டமான யோசனைகளையும் சேர்த்து நிறைய எழுதுங்கள்

முதலில் தோன்றுகிற யோசனை பெரும்பாலும் மற்ற எல்லோருக்கும் தோன்றியதாகத்தான் இருக்கும். அதனால் ஒன்றோடு நிறுத்தாமல் பதினைந்து இருபது எழுதுங்கள். வறட்சியாக இருந்தால் இந்தக் கேள்விகளைப் போட்டுப் பாருங்கள்:

- இதில் எதை அடியோடு எடுத்துவிடலாம்?
- எந்த இரண்டின் வரிசையை மாற்றலாம்?
- இதை வேறு யார், வேறு எப்போது செய்யலாம்?
- தப்பு நடந்தால் உடனே கண்ணில் குத்துவதுபோல் செய்ய முடியுமா?
- இதை வேண்டுமென்றே இன்னும் மோசமாக்க வேண்டுமென்றால் என்ன செய்வேன்?

கடைசிக் கேள்வி விளையாட்டுபோல் தோன்றும், ஆனால் வேலை செய்யும். "ப்ரூஃபில் தப்பே கண்டுபிடிக்க முடியாதபடி செய்வது எப்படி?" என்று கேட்டேன். "ஒரே தாளைக் கொடு, கூட்டமாக வரச்சொல், அவசரப்படுத்து" என்று பதில் வந்தது. நாங்கள் செய்துகொண்டிருந்தது அப்படியே அதுதான்.

யோசனைகளை வாயால் சொல்லச் சொல்லாதீர்கள். முதலாளி முன்னால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். திறந்தால் முதலாளிக்குப் பிடித்ததைச் சொல்வார்கள். துண்டுத்தாள் கொடுத்து, பெயர் போடாமல் எழுதச் சொல்லுங்கள். எழுத வராதவர்களிடம் தனியாக டீ குடிக்கும்போது கேளுங்கள். எங்கள் கடையில் அசலான யோசனை அப்படித்தான் வந்தது, பைண்டிங் பார்க்கிற அக்காவிடமிருந்து. அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னது:

"போன வருசம் எனக்குக் கண்ணு ஆப்பரேசன் பண்ணாங்கல்ல தம்பி. எந்தக் கண்ணுன்னு அவங்க சீட்டுலயே எழுதியிருக்கு. ஆனாலும் ஒவ்வொருத்தரும் வந்து, 'எந்தக் கண்ணும்மா?'ன்னு என்கிட்டயே கேட்டாங்க. நீங்களும் பேப்பரக் காட்டாம, என்னைக்குக் கல்யாணம்னு அவங்க வாயாலயே கேளுங்களேன்."

படி 7: சின்னதாக, மலிவாக, தோற்கிற மாதிரியே செய்து பாருங்கள்

கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் 1998 வாக்கில் குறைந்த விலையில் சானிட்டரி நாப்கின் செய்ய முயன்றார். உள்ளே இருப்பது பஞ்சு என்று நினைத்துப் பஞ்சில் செய்தார். சரிவரவில்லை. அணிந்து பார்த்துச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. ஃபுட்பால் பிளாடர் ஒன்றில் ஆட்டு ரத்தத்தை நிரப்பித் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு, நடந்தும் சைக்கிள் ஓட்டியும் தானே சோதித்துப் பார்த்தார். ஊர் சிரித்தது. உள்ளே இருப்பது பஞ்சே அல்ல, மரக்கூழிலிருந்து எடுக்கிற செல்லுலோஸ் என்று தெரியவே அவருக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதைச் செய்கிற வெளிநாட்டு இயந்திரம் கோடிக்கணக்கில். அவர் வேலையை நான்கு துண்டாகப் பிரித்தார்: கூழை உதிர்ப்பது, அச்சில் அமுக்குவது, மேலே சுற்றுவது, கிருமி நீக்குவது. உதிர்க்கிற பகுதி நம் சமையலறை மிக்ஸி போலத்தான். ஒரு லட்சத்துக்கும் குறைவான விலையில் இயந்திரம் வந்தது. 2016-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

பத்மஸ்ரீயைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அந்த ஃபுட்பால் பிளாடர்தான் முக்கியம். கையில் கிடைத்த மலிவான பொருளை வைத்து, இன்றைக்கே ஒரு கேள்விக்கு விடை தேடுவது.

நம் அளவுக்கு இதை இப்படிச் செய்யலாம். ஒரு நாள், ஒரு ஆள், ஒரு மேசை. செலவு டீக்காசுக்குள். தொடங்குவதற்கு முன்பே, "எது நடந்தால் இது பலித்தது என்று ஒப்புக்கொள்வேன்?" என்று எழுதிவைத்துவிடுங்கள். பிறகு எழுதினால் மனசு ஏமாற்றும்.

என் முதல் முயற்சி படுதோல்வி. 22 கட்டம் போட்ட ஒரு படிவம் அடித்தேன். ஒவ்வொன்றையும் பார்த்து வாடிக்கையாளர் டிக் அடிக்க வேண்டும். எனக்கு அதன்மேல் ஒரே பெருமை. நாலாவது நாள் டிசைனர் பெண் வந்து, "அண்ணே, யாரும் படிக்கிறதே இல்ல. மேலேருந்து கீழ வரைக்கும் ஒரே இழுப்பா டிக் அடிச்சிட்டுப் போறாங்க" என்றாள். அடித்த 500 படிவத்தின் பின்பக்கம் இன்னும் பில் எழுத உதவுகிறது.

இரண்டாவது முயற்சியில் இரண்டே மாற்றம். ஒன்று, வடிவம் மட்டும் உள்ள ஃபைல்கள் நாலு செய்தோம். மாற வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் பளீர் சிவப்பில் ××× என்று இருக்கும். சரியான விவரத்தை அடித்த பிறகுதான் அந்த இடம் கறுப்பாகும். ப்ரூஃபில் எங்காவது சிவப்பு மிஞ்சினால் வேலை முடியவில்லை. ஷிங்கோவின் தட்டில் மிஞ்சிய ஸ்பிரிங் அது. இரண்டு, அக்கா சொன்னது. ப்ரூஃபைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "என்ன தேதி, என்ன கிழமை, எத்தனை மணி, எந்த மண்டபம்?" என்று நாலே கேள்வி. அவர்கள் நினைவிலிருந்து சொல்வதை எங்கள் ஆள் தாளோடு ஒப்பிடுவார். அதற்குப் பிறகுதான் பெயர்ச் சண்டைக்குத் தாளைக் கொடுப்போம்.

மூன்று ஆர்டரில் செய்து பார்த்தோம். இரண்டாவது ஆர்டரிலேயே, வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த தாளிலேயே மண்டபத்தின் பெயர் தப்பு என்று தெரிந்தது. அவர் வாயால் சொன்னபோது வேறு பெயர் வந்தது.

இதே படியில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒப்பேற்றுவதெல்லாம் புத்திசாலித்தனம் என்று கொண்டாடுகிற பழக்கம் நமக்கு இருக்கிறது. பேப்பர் கட்டிங் மெஷினில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் பிளேடு இறங்கும். கை உள்ளே போகக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. வேகத்துக்காக ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டிவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதுவும் ஒரு "ஐடியா"தான். விலை, விரல். உயிர், உடம்பு, மருந்து அளவு, மின்சாரம், அடுத்தவர் பணம் இவற்றைக் காக்க வைத்த தடையில் சொந்தமாகச் சோதனை செய்யாதீர்கள். அந்தத் தடை ஏன் தொந்தரவாக இருக்கிறது என்று மட்டும் எழுதி, மேலே கொண்டுபோங்கள்.

படி 8: சொல்கிற விதத்தில் சொல்லுங்கள்

ஷிங்கோ தன் முறைக்கு முதலில் வைத்த பெயர் "பாகா-யோகே", அதாவது முட்டாள் செய்தாலும் தப்பாகாத ஏற்பாடு. 1963-இல் ஒரு தொழிற்சாலையில் இதைக் கேட்ட பெண் தொழிலாளி ஒருவர், தன்னை முட்டாள் என்கிறார்கள் என்று அழுதுவிட்டார். ஷிங்கோ பெயரை "போகா-யோகே" என்று மாற்றினார். கவனப்பிசகைத் தடுப்பது என்று பொருள். ஏற்பாட்டில் ஒரு ஆணிகூட மாறவில்லை, பெயர் மட்டும் மாறியது.

நீங்கள் ஊழியராக இருந்தால், "உங்க முறை தப்பு சார்" என்று தொடங்காதீர்கள். அந்த முறையைக் கொண்டுவந்தவர் அவராகவே இருக்கலாம். "சார், ஒரு ரெண்டு நாள் இப்படிப் பாத்துக்கலாமா? சரிவரலைன்னா பழையபடியே போயிருவோம்" என்று கேளுங்கள். திரும்பிப் போக வழி இருக்கிறது என்று தெரிந்தால் மனிதர்கள் சம்மதிப்பார்கள். கையில் ஒரு எண்ணும் இருக்கட்டும். "அடிக்கடி நடக்குது" என்பதைவிட, "போன வாரம் 7 தடவை, ஒவ்வொண்ணுக்கும் பத்து நிமிசம்" என்பது கனமானது. படி 1-இல் எழுதிய நோட்டு இங்கேதான் பணமாகிறது.

அரசு அலுவலகத்தில் இருப்பவர்கள், "எங்களுக்கு ரூல் இருக்கு, ஒண்ணும் மாத்த முடியாது" என்பார்கள். படிவத்தை மாற்ற முடியாது, சரி. சரியாகப் பூர்த்தி செய்த மாதிரிப் படிவம் ஒன்றைப் பெரிதாக்கி வரிசை நிற்கிற சுவரில் ஒட்ட எந்த ரூலும் தடுக்காது. ஜெராக்ஸ் எத்தனை வேண்டும் என்பதைக் கவுன்ட்டரில் சொல்லாமல் வாசலிலேயே எழுதிவைக்கலாம். வரிசையில் நிற்கும்போது தெரிந்தால் ஒரு நடை மிச்சம். முறை வந்த பிறகு தெரிந்தால் அரை நாள் சம்பளம் போச்சு.

நீங்கள் முதலாளியாக இருந்தால் சுலபமான ஒரு வேலை இருக்கிறது: யோசனை சொன்னவர் பெயரை அதற்கு வையுங்கள். எங்கள் கடையில் அந்த நாலு கேள்விக்கு "அக்கா கேள்வி" என்றுதான் பெயர். "அக்கா கேள்வி கேட்டாச்சா?" என்று டிசைனர் கத்தும்போது, பைண்டிங் மேசையில் ஒரு சின்னச் சிரிப்பு தெரியும்.

படி 9: பழைய பாதையை அடைத்துவிடுங்கள்

இரண்டு வாரம் எல்லாம் நன்றாகப் போகும். பிறகு ஒரு முகூர்த்த சீசன் வரும், நாற்பது ஆர்டர் குவியும், கை தானாகப் பழைய ஃபைலைத் திறக்கும். எங்களுக்கும் அப்படித்தான் ஆயிற்று. திட்டிப் பிரயோஜனம் இல்லை. பழைய பாதை திறந்திருக்கும்வரை கால் அங்கேதான் போகும். முடிந்துபோன ஆர்டர்களின் ஃபைல்களையெல்லாம் என் மேசைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். யாருக்காவது பழையது வேண்டுமென்றால் எழுந்து வந்து கேட்க வேண்டும். பத்தடி நடக்கச் சோம்பல்பட்டு எல்லோரும் சிவப்பு ஃபைலுக்கே போனார்கள். சோம்பலை எதிர்த்துப் போராடாமல் அதை நம் பக்கம் இழுத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

மாதம் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். உங்கள் புது முறையையே யாராவது ஒப்பேற்றத் தொடங்கியிருப்பார்கள். கோபப்படாதீர்கள், நோட்டை எடுங்கள். சிவப்பு ×××-ஐ அப்படியே கறுப்பாக்கிவிட்டு, "பிறகு அடிக்கலாம்" என்று ஒரு பையன் விட்டுவைத்திருந்தான். ஏன் என்று கேட்டால், வாடிக்கையாளர் லக்னம் சொல்லவில்லை, ஜோசியரைக் கேட்டுச் சொல்வதாகப் போய்விட்டார். நியாயம்தான். இப்போது அதற்கு மட்டும் நீல நிறம்: "வரவேண்டியது" என்று அர்த்தம்.

கிழமை தப்பி ஒரு பத்திரிகையும் அதற்குப் பிறகு எங்கள் கடையிலிருந்து போகவில்லை. இனிஷியல் தப்பு இன்னும் வருகிறது. விவரத்தைத் தாளில் எழுதிக்கொண்டு வராமல், வாட்ஸ்அப்பில் கசங்கிய காகிதத்தின் போட்டோவாக அனுப்புகிறார்கள். அது 'ந'வா 'த'வா என்று கேட்டு ஒரு பத்திரிகைக்கு நாலு போன் போகிறது. நேற்று டிசைனர் பெண் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் திரையைப் பெரிதாக்கி, மறு கையால் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். ஸ்டூல் அவளுக்குப் பின்னால்தான் இருக்கிறது.